130 நாட் வேகத்தில் பறக்கும் நாலு எஞ்சின்: ஸ்டால் வேகம்னு ஒண்ணு இருக்கா?

சுபாங் முருகு
ஜூன் 3, இரவு 9.48

சுபாங் விமான நிலையத்தில் இறங்குற சி-130 ராணுவச் சரக்கு விமானம் எங்க கூரைக்கு மேலேதான் போகும். பாரசூட் வீரர்களை இறக்கும்போது இது 130 நாட்டில் (மணிக்கு 130 கடல் மைல்) பறக்குதுன்னு படிச்சேன். ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கிற வேகம், 100 நாட்னு வச்சுக்குங்க, 30 நாட் கையிருப்பு. வேகமுள்ளைப் பார்த்துக்கிட்டே இருந்தால் போதுமே? அப்புறம் ஏன் அனுபவசாலிகள் ஓட்டுற பெரிய ராணுவ விமானங்கள் ஸ்டால் ஆகி விழுது? கவனக்குறைவு, வேற ஒண்ணும் இல்லைங்கிறது என் கட்சி. தப்புன்னா சொல்லுங்க.

நாலு எஞ்சின்
ஜூன் 3, இரவு 10.30

தப்பு. அந்த 100 நாட் தனியா வரலை. இத்தனை டன் எடை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இத்தனை, இறக்கை மட்டம், ஒரு ஜி (விமானத்தின் எடை அளவே சுமை), எஞ்சின் பவர் இந்த அளவு என்று ஒரு நிபந்தனைப் பட்டியலோடு வருது. பட்டியலில் ஒண்ணு மாறினாலும் எண் மாறிடும். வேகமுள் அதைச் சொல்லாது.

இறக்கைக்குக் கணக்கு ஒண்ணுதான்: காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுது என்கிற தாக்குகோணம். சாதாரண இறக்கைக்கு ஏறத்தாழ 15 டிகிரி தாண்டினால் மேல்பரப்பில் ஓடுற காற்று பிரிஞ்சிடும். முன்விளிம்பு ஸ்லாட்டை விரிச்சால் இன்னும் சில டிகிரி தாங்கும். எல்லை தாண்டிட்டா 80 நாட்டிலும் ஸ்டால்தான், 250 நாட்டிலும் ஸ்டால்தான்.

உங்க 100 நாட்டையே வச்சுக்கிட்டு சாய்ச்சுப் பார்க்கலாம். உயரம் குறையாமல் திரும்பினால்:

30 டிகிரி சாய்வு: 1.15 ஜி, ஸ்டால் 107 நாட்
45 டிகிரி: 1.41 ஜி, 119 நாட்
60 டிகிரி: 2 ஜி, 141 நாட்
70 டிகிரி: 2.92 ஜி, 171 நாட்
75 டிகிரி: 3.86 ஜி, 197 நாட்

30 டிகிரி வரைக்கும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். 60க்கு மேலே ஒவ்வொரு 5 டிகிரிக்கும் எண் பாய்ந்து ஏறும். உங்க 130 நாட் கையிருப்பு 54 டிகிரியில் பூஜ்யம். குறுகிய ஓடுபாதைக்கு ஸ்டால் வேகத்தின் 1.2 மடங்கில் வர்றாங்கன்னா 46 டிகிரியிலேயே பூஜ்யம். ஜி எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து ஸ்டால் வேகத்தோடு பெருக்கினால் போதும், கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்க.

பட்டர்வொர்த் பாலா
ஜூன் 3, இரவு 11.15

இந்தப் பட்டியலுக்கு உயிர்க் கணக்கு 2010 ஜூலை 28, அலாஸ்காவில் எல்மண்டார்ஃப் விமானப்படைத் தளம். விமானக் காட்சிக்கு ஒத்திகை பார்த்த சி-17 சரக்கு விமானம், நாலு பேரும் போயிட்டாங்க.

அவங்க செய்தது 80/260 திருப்பம். புறப்பட்டதும் இடப்பக்கம் 80 டிகிரி விலகி, உடனே வலப்பக்கம் 260 டிகிரி சுற்றி, அதே ஓடுபாதைக்கு எதிர்த்திசையில் திரும்பி வர்றது. ஏறுமுகத்தையே 850 அடியில் நிறுத்திட்டாங்க. வலப்பக்கத் திருப்பம் ஆரம்பிச்சு சில வினாடியில் ஸ்டால் எச்சரிக்கை அடிச்சது. சாய்வு 60ஐத் தாண்டியும் கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தே பிடிச்சிருக்காங்க, கூடவே முழு ரடரும் (செங்குத்து வாலில் மூக்கை இடம் வலம் திருப்பும் பலகை). திருப்பத்தின் நடுவில் ஸ்லாட்டும் உள்ளே போச்சு. கடைசியில் 82 டிகிரி சாய்வு, நிமிடத்துக்கு 9,000 அடி இறக்கம். 850 அடியில் அந்த வேகத்தில் இறங்கினா மிச்சம் இருந்தது ஆறு வினாடி கூட இல்லை.

முருகு சொல்ற கவனக்குறைவு இதில் எங்கே இருக்கு? எச்சரிக்கை அடிக்குதுன்னு எல்லாருக்கும் கேட்டது. ஆனால் காட்சிப் பறப்பில் அந்தச் சத்தம் சகஜம், தாண்டிப் போயிடலாம்னு அந்த விமானி முன்னாடியே அப்படித்தான் பறந்திருக்கார், மற்றவங்களுக்கும் அப்படியே கற்பிச்சிருக்கார். அமெரிக்க விமானப்படையின் விசாரணையே அதைச் சொல்லுது.

நாலு எஞ்சின்
ஜூன் 4, காலை 7.05

மேலே நான் போட்ட பட்டியலில் ஒரு ஓட்டை. "உயரம் குறையாமல்" என்ற ரெண்டு சொல்லை எல்லாரும் தாண்டிப் படிப்பாங்க. சாய்வு மட்டும் ஜி ஏற்றாது, இழுவைதான் ஏற்றும். 60 டிகிரி சாய்ச்சுட்டு தண்டைத் தளர்த்தி மூக்கை இறங்க விட்டால் ஒரு ஜிக்கும் கீழே கூடப் பறக்கலாம். ஸ்டால் வேகமும் கூடவே இறங்கும். அதனால் "60 டிகிரி = 141 நாட்" என்பது இழுத்துப் பிடிச்சவனுக்கு மட்டும்.

தரைக்கு 850 அடியில் மூக்கை இறங்க விடக் கை வராது. சிக்கல் அங்கேதான்.

சுபாங் முருகு
ஜூன் 4, மதியம் 1.20

சரி, கவனக்குறைவுங்கிறதை வாபஸ் வாங்குறேன். ஆனா 45 டிகிரியில் திரும்பினால் என்ன குறைஞ்சு போகும்? ஏன் 60?

பட்டர்வொர்த் பாலா
ஜூன் 4, மதியம் 1.52

வட்டம் பெருசாகும். 185 நாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் திருப்பத்தின் ஆரம் 920 மீட்டர். 60 டிகிரியில் 530. பார்வையாளர் முன்னால் நிற்கிறாங்க, ஓடுபாதைக் கோட்டுக்குத் திரும்பி வரணும், காட்சிக்கு நேரம் அளந்து கொடுத்திருக்காங்க. வட்டத்தைச் சுருக்க வழி ரெண்டு: சாய்வைக் கூட்டு, இல்லை வேகத்தைக் குறை. ரெண்டும் ஒரே பள்ளத்தில்தான் கொண்டு போய் விடும். சாய்வைக் கூட்டினால் ஸ்டால் வேகம் மேலே வருது, வேகத்தைக் குறைச்சால் நீங்க கீழே போறீங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்தால் நடுவழியில் சந்திக்கும்.

தே தாரிக் குறைசீனி
ஜூன் 4, மதியம் 2.10

எல்லாரும் அலாஸ்காவுக்குப் போயிட்டீங்க. நம்ம கேஎல் (கோலாலம்பூர்) வெயிலைச் சொல்லுங்க. மதியம் 34 டிகிரி, காற்று லேசு. அப்போ ஸ்டால் வேகமும் ஏறும்தானே? அலாஸ்காவில் 100னா இங்கே 110?

ரடர்
ஜூன் 4, மாலை 6.40

ஏறாது. வேகமுள் காட்டுறதே காற்றழுத்த வேறுபாட்டைத்தான். இறக்கைக்கும் அதே காற்றுதான், அதனால் ரெண்டும் சேர்ந்தே மாறும். முள்ளில் 100னா எங்கேயும் 100. அசல் வேகம் மட்டும் 34 டிகிரியில் ஏறத்தாழ 3 சதம் கூடும், அதாவது 103.

வெயில் கெடுக்கிறது வேற இடத்தில். எஞ்சின் பவர் குறையும், ஓடுபாதையில் ஓட்டம் நீளும், ஏறுகோணம் படுத்துடும். சுபாங்கில் 3,780 மீட்டர் ஓடுபாதை இருப்பதால் ஓட்டம் பிரச்சினை இல்லை. பவர் குறைந்த விமானத்தை "இன்னும் ஏறு, இன்னும் ஏறு"ன்னு மூக்கைத் தூக்கினால் தாக்குகோணம் ஏறும். வெயில் ஸ்டாலைக் கொண்டு வர்ற குறுக்குவழி அதுதான். குறை சீனி போட்டாலும் தே தாரிக் ஆத்துறப்போ பொங்கும், அந்த மாதிரி.

தே தாரிக் குறைசீனி
ஜூன் 4, மாலை 6.44

உதாரணம் சுத்தமா ஒட்டலை பாஸ். ஆனா விஷயம் புரிஞ்சுது.

ரடர்
ஜூன் 4, இரவு 9.30

கேஎல்லுக்கு வந்ததால் இதையும் போட்டுடறேன். நம்ம ஊரில் வெயிலை விட இடிமேகம் மோசம். மதியத்துக்கு மேலே எழும்புற மேகம், விடியற்காலையில் மலாக்கா நீரிணை தாண்டி வரிசையா வர்ற சுமத்ரா காற்று. இதில் ரெண்டு தனித்தனி ஆபத்து, ஒண்ணோடு ஒண்ணைக் குழப்பக் கூடாது.

ஒண்ணு, எதிர்க்காற்று திடீர்னு விழறது. 130 நாட் காட்டிக்கிட்டிருக்கீங்க, அதில் 25 நாட் எதிர்க்காற்று தந்தது. அது நின்னா அந்த நொடியே முள் 105. விமானம் கனமானது, தரையைப் பொறுத்த வேகம் சட்டுனு ஏறாது. பவர் கொடுத்து மீட்க வினாடிகள் பிடிக்கும்.

ரெண்டாவது, கீழேயிருந்து மேலே அடிக்கிற காற்று. வினாடிக்கு 30 அடி வேகத்தில் அடிச்சா, 130 நாட்டில் பறக்கிற இறக்கைக்குத் தாக்குகோணம் ஏறத்தாழ 8 டிகிரி கூடிடும். 250 நாட்டில் பறந்தால் அதே காற்றுக்கு 4 டிகிரிதான். மெதுவா பறக்கிற இறக்கை ஏற்கெனவே எல்லைக்குப் பாதி வழி வந்திருக்கும். அதுக்கு மேலே 8 டிகிரி. முள்ளில் 130ங்கிறது அசையாது, இறக்கை ஸ்டாலுக்குப் பக்கத்தில் நிக்கும். முருகு கேட்ட முதல் கேள்விக்கு எனக்குப் பிடிச்ச பதில் இதுதான்.

தரையிறங்கும் வேகத்தோடு காற்றடி வேறுபாட்டுக்குன்னு சில நாட் கூட்டிக்கிறது இதுக்காகத்தான். அதுக்கும் உச்சவரம்பு உண்டு. அளவில்லாமல் கூட்டினால் ஓடுபாதை முடிவில் வேற கதை.

சுமை கணக்கு
ஜூன் 5, காலை 8.15

எல்லாரும் விமானி இருக்கையில் உட்கார்ந்தே பேசுகிறீர்கள். பின்னால் சரக்கறைக்கும் கொஞ்சம் வாருங்கள்.

முதலில் எடை. ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு போகும். சி-130எச் 1,55,000 பவுண்டில் புறப்பட்டு, சரக்கை இறக்கி, எரிபொருளும் தீர்ந்து 1,10,000 பவுண்டில் திரும்புகிறது என்றால், ஸ்டால் வேகம் 16 சதவீதம் குறைந்திருக்கும். புறப்படும்போது 120 என்றால் திரும்பும்போது 101. ஒரே விமானம், ஒரே நாள், 19 நாட் வித்தியாசம். எடைத்தாளில் 5 டன் தவறாக எழுதினால் அட்டையில் குறிக்கிற வேகங்கள் அத்தனையும் தவறு. பிறகு விமானி என்னதான் கவனமாக முள்ளைப் பார்த்தாலும் தவறான எண்ணைத்தான் துல்லியமாகப் பிடித்துப் பறப்பார்.

அடுத்தது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. எடைமையம் பின்னால் போகப் போக மூக்கு தூக்கிக்கொள்ளத் தயாராக இருக்கும். மூக்கைக் கீழே தள்ளக் கிடைமட்ட வாலுக்கு இருக்கும் சக்தி குறையும். முன்னால் போனால் எதிர்த் தொல்லை: வால் கீழ்நோக்கி அதிகம் அழுத்த வேண்டும், அந்த அழுத்தத்தையும் இறக்கைதான் சுமக்கிறது, ஆகவே ஸ்டால் வேகம் சற்றே ஏறும். ஆனாலும் ஸ்டாலிலிருந்து மீள்வதற்கு முன்மையம்தான் நல்லது.

கனரகச் சரக்கைப் பாரசூட்டால் இழுத்து வெளியேற்றும்போது இது கண்முன்னே நடக்கும். சரக்கு உட்கார்ந்திருக்கும் மேடை, உருளைகளில் பின்னால் ஓடும் சில வினாடிகளில் மையம் பின்னால் பாயும், மூக்கு தூக்கும், விமானி தண்டை முன்னால் தள்ளுவார். மேடை விளிம்பைத் தாண்டிய நொடியில் எல்லாம் தலைகீழ்: எடை போய்விட்டது, மையம் முன்னுக்கு வந்துவிட்டது, தள்ளிய தண்டு இப்போது அதிகப்படி. ஒழுங்காக ஓடினால் பயமில்லை. சாய்தளத்தில் மேடை சிக்கி நின்றால்தான் ஆபத்து: மையம் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும், வேகம் வெளியேற்ற வேகமாகவே குறைந்திருக்கும், இழுவைப் பாரசூட் வேறு பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் அந்தப் பாரசூட்டை அறுத்துவிட வேண்டும்.

பட்டர்வொர்த் பாலா
ஜூன் 5, காலை 9.00

அக்கா, 2013இல் ஆப்கானிஸ்தானில் பாக்ராம் 747 விபத்து இதுதானே? கவச வண்டி பின்னால் உருண்டு, மையம் மாறி, மூக்கு தூக்கி ஸ்டால்.

சுமை கணக்கு
ஜூன் 5, காலை 9.40

பாதி சரி, தம்பி. ஏப்ரல் 29, ஐந்து கவச வண்டிகள் ஏற்றிய சிவில் சரக்கு 747. ஏறும்போது கடைசி வண்டி கட்டை அறுத்துக்கொண்டு பின்னால் போனது, மூக்கு தூக்கிக்கொண்டது, ஸ்டால் ஆகி விழுந்தது, 7 பேர் இறந்தார்கள். காணொளியில் தெரிவது அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்டிஎஸ்பி கண்டது வேறு: வண்டி பின்சுவரை உடைத்துக்கொண்டு போய் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் கிடைமட்ட வாலை அசைக்கும் திருகுத் தண்டு இயக்கத்தையும் சேதப்படுத்தியது. மையம் மட்டும் மாறியிருந்தால் பிடித்திருக்கலாம். வாலே கையை விட்டுப் போனதால் பிடிக்க முடியவில்லை. "சரக்கு நகர்ந்ததால் ஸ்டால்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

கட்டும் கணக்கும் போட்டுவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. ராணுவச் சரக்கு விமானங்களில் வழக்கமான அளவு: முன்னுக்கு 3 ஜி, பின்னுக்கு 1.5, பக்கத்துக்கு 1.5, மேலே 2. சங்கிலியைத் தரைக்கு 30 டிகிரி, நடுக்கோட்டுக்கு 30 டிகிரி கோணத்தில் கட்டினால் அதன் பெயரளவு வலிமையில் 75 சதவீதம்தான் அந்தத் திசைக்கு வேலை செய்யும். 10,000 பவுண்டு சங்கிலி 7,500 தரும். 36,000 பவுண்டு வண்டிக்குப் பின்னோக்கி 54,000 தேவை. வகுத்தால் 7.2, ஆகவே 8 சங்கிலி. முன்னோக்கி 1,08,000, அதற்கு 25,000 பவுண்டு சங்கிலி 6.

சுபாங் முருகு
ஜூன் 5, இரவு 8.30

நான் ஸ்டால் வேகம் கேட்டேன், சங்கிலிக் கணக்கு வந்திருக்கு. புகாரில்லை.

எனக்கு இன்னொண்ணு. எச்சரிக்கை அடிச்சதுன்னீங்க. சி-130இல் என்ன அடிக்கும்?

ரடர்
ஜூன் 5, இரவு 10.05

பழைய சி-130 வகைகளில் பெரும்பாலும் ஸ்டிக் ஷேக்கரே (தண்டை அதிர வைக்கும் எச்சரிக்கைக் கருவி) கிடையாது. பிரிஞ்ச காற்று வாலில் மோதி உடம்பே அதிரும், அதுதான் எச்சரிக்கை. பவர் இல்லாமல் மட்டமா மெதுவாக்கினால் அந்த அதிர்வு நல்லா, நேரத்தோடு வரும். பவரோடு இழுத்தால் கதை வேற. நாலு புரொப்பெல்லரும் தள்ளுற காற்று இறக்கையின் பெரும்பகுதி மேலே ஓடி அந்தப் பகுதியைப் பிடிச்சு வச்சிருக்கும். அதனால் ஸ்டால் வேகம் நல்லா குறையும், மூக்கு வானத்தைப் பார்க்கும். கடைசியில் விடும்போது ரெண்டு இறக்கையும் சேர்ந்து விடாது, ஒரு பக்கம் முதலில் விடும், விமானம் உருளும். புதிய சி-130ஜேயில் தண்டைத் தானே முன்னுக்குத் தள்ளுற ஸ்டிக் புஷர் வச்சதுக்கு இந்தக் குணம்தான் காரணம்.

இதிலிருந்தே அடுத்த ஆபத்து. பவரால் கிடைச்ச தூக்குவிசை எஞ்சின் நின்னா அந்தப் பக்கம் மட்டும் போயிடும். சி-130 புரொப்பெல்லர் நாலும் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழி, அதனால் இடது ஓரத்து ஒண்ணாம் எஞ்சின் போறதுதான் மோசம். ஏர்பஸ் ஏ400எம் ராணுவச் சரக்கு விமானத்தில் ஒவ்வொரு இறக்கையிலும் ரெண்டு புரொப்பெல்லர் எதிரெதிராச் சுத்துறதால் அந்தப் பாரபட்சம் குறைவு. சுபாங்கில் ரெண்டு வகையும் நிக்குது, புரொப்பெல்லர் இதழ் எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு பார்த்தாலே தெரியும்.

2018 மே 2, அமெரிக்காவில் சவானா. ஒரு டபிள்யூசி-130எச் புறப்பட்டதும் ஒண்ணாம் எஞ்சின் பவர் இழந்தது. செத்த எஞ்சின் பக்கமே, இடதுக்கே திரும்பினாங்க. பிறகு இடது ரடர் கொடுத்தாங்க. கொடுக்க வேண்டியது வலது. மூணு எஞ்சினில் விமானம் கட்டுப்பாட்டில் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே சறுக்கி, இடது இறக்கை ஸ்டால். ஒன்பது பேர்.

அந்தக் குறைந்தபட்ச வேகம், நல்ல எஞ்சின்கள் பக்கம் 5 டிகிரி சாய்ச்சு அளந்த எண். செத்த பக்கம் சாய்ச்சால் டிகிரிக்கு ஏறத்தாழ 3 நாட் ஏறும். 5லிருந்து எதிர்ப்பக்கம் 15க்குப் போனால் 20 டிகிரி வித்தியாசம், எத்தனை நாட்னு பெருக்கிப் பாருங்க. முள்ளைப் பார்த்தால் போதும்னு சொன்னவங்களுக்கு இது ரெண்டாவது அடி.

ரடர்
ஜூன் 5, இரவு 10.41

விட்டுப் போச்சு. சி-130இல் செங்குத்து வாலும் ஸ்டால் ஆகும். இறக்கைக்குத் தாக்குகோணம் மாதிரி வாலுக்குப் பக்கச்சறுக்கு, அதாவது காற்று பக்கவாட்டில் வந்து மோதும் கோணம். மெதுவான வேகம், அதிக பவர், பெரிய ரடர்னு மூணும் சேர்ந்தால் வாலின் மேல் காற்று பிரிஞ்சு, ரடர் தானாகவே ஒரு பக்கம் போய் ஒட்டிக்கும், பெடல் லேசாகிடும். ஃபிளாப்பை 15 சதத்துக்கு மேல் இறக்கினால் ரடருக்குப் போற ஹைட்ராலிக் அழுத்தம் முழுசா 3,000 பிஎஸ்ஐ, அதுக்குக் கீழே பாதிக்கும் குறைவு. ஃபிளாப் இறங்கியிருக்கும் மெதுவான நேரத்தில்தான் ரடருக்கு முழு வலு. வேணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க, ஆனா மிதிச்சுத் தொலைக்கவும் அதே நேரம்தான் வசதி. மீள ரடரை நடுவுக்குக் கொண்டு வா, மூக்கை இறக்கு, இறக்கையை மட்டமாக்கு.

நாலு எஞ்சின்
ஜூன் 6, மாலை 5.50

வால்னதும் டி வால் நினைவுக்கு வருது. சி-17, சி-5, ஏ400எம் எல்லாத்துக்கும் கிடைமட்ட வால் உச்சியில். சாதாரணப் பறப்பில் அது இறக்கையின் கலங்கிய காற்றுக்கு மேலே நிக்கும், நல்லது. தாக்குகோணம் ரொம்ப ஏறிட்டால் அந்தக் கலங்கல் நேரா வாலைப் போய் மூடும். தண்டை முழுசா முன்னால் தள்ளினாலும் மூக்கு இறங்காது. ஆழ் ஸ்டால். 1963 அக்டோபர் 22இல் பிரிட்டனில் சோதனைப் பறப்பிலிருந்த பிஏசி ஒன்-இலெவன் பயணிகள் ஜெட் இப்படித்தான் தட்டையாவே தரைக்கு வந்தது. அதுக்குப் பிறகுதான் இந்த வகை விமானங்களில் ஷேக்கரோடு புஷரும் வழக்கமாச்சு.

சாதாரண வால் விமானத்தில் அதிர்வு வந்தும் கொஞ்ச நேரம் விளையாடலாம்னு நினைக்கிறவன் டி வாலில் அதைச் செய்யக் கூடாது. பல டி வால் விமானங்களில் அதிர்வு வாலுக்கு எட்டுறதுக்குள்ள கோணம் தூரம் போயிருக்கும்.

தே தாரிக் குறைசீனி
ஜூன் 6, இரவு 7.15

ஏ400எம் கம்ப்யூட்டர் ஓட்டுற விமானம். எல்லை தாண்ட விடாதே? அப்போ இந்தப் பேச்சே வேணாமே.

நாலு எஞ்சின்
ஜூன் 6, இரவு 8.02

கம்ப்யூட்டர் விடாதுங்கிறது அதுக்கு வர்ற தகவல் சரியா இருக்கும் வரைக்கும். சிவில் ஏர்பஸ்ஸில் சாய்வு வரம்பு 67 டிகிரி. ஏன் 67? மட்டமாத் திரும்பினால் அங்கே 2.56 ஜி, விமான உடம்பின் வரம்பு 2.5 ஜி. கணக்கு அழகா உட்காரும். ஆனா வேகம் அளக்கும் குழாயில் பனி அடைச்சதும் 2009 ஜூன் 1இல் விபத்துக்குள்ளான ஏர் பிரான்ஸ் 447 பயணிகள் விமானத்துக்குப் பாதுகாப்பு விதி மாறி, தாக்குகோண வரம்பு காப்பாற்றாத நிலைக்கு வந்திடுச்சு. ஸ்டால் எச்சரிக்கை விடாமல் 54 வினாடி அடிச்சது.

அதைவிடக் கொடுமை ஒண்ணு. வேகம் 60 நாட்டுக்குக் கீழே காட்டினால் தாக்குகோணத் தகவலை நம்ப வேணாம்னு கம்ப்யூட்டர் எச்சரிக்கையை நிறுத்திடும். மூக்கை இறக்கினதும் வேகம் 60ஐத் தாண்டும், எச்சரிக்கை மறுபடி அடிக்கும். சரியான காரியம் செய்தால் சத்தம், தப்பான காரியம் செய்தால் அமைதி. ராணுவ விமானம் இல்லைதான், ஆனா சென்சார் ரெண்டுக்கும் ஒரே பிழைப்பு.

நம்ம ஊரில் பனி எங்கேன்னு கேட்காதீங்க. கேஎல்லுக்கு மேலே ஏறத்தாழ 16,000 அடியில் உறைநிலை. அதுக்கு மேலே இடிமேகத்துக்குள்ள போனால் கோலாலம்பூரும் அலாஸ்காவும் ஒண்ணு.

தே தாரிக் குறைசீனி
ஜூன் 6, இரவு 8.10

2015 மே 9 ஸ்பெயினின் செவில்லில் விழுந்த ஏ400எம்?

நாலு எஞ்சின்
ஜூன் 6, இரவு 8.16

அது இந்த இழைக்குள் வராது. மூணு எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் முறுக்குவிசை அளவுத்திருத்தக் கோப்புகள் இல்லாமல் போச்சு, பவர் கட்டளைக்குக் கீழ்ப்படியலை. பவர் கதை, இறக்கைக் கதை இல்லை.

பட்டர்வொர்த் பாலா
ஜூன் 7, காலை 10.25

மீள்றது எப்படின்னு இன்னும் யாரும் ஒழுங்கா எழுதலை. நான் போடுறேன்: முழு பவர், இறக்கை மட்டம், உயரம் விடாதே.

நாலு எஞ்சின்
ஜூன் 7, காலை 11.10

அது பழைய பாடம், அதிலேயும் கடைசித் துண்டு ஆளைக் கொல்லும். "உயரம் விடாதே"ன்னு பழக்கினதால்தான் ஸ்டாலில் இருந்தவங்க தண்டை இழுத்தே பிடிச்சாங்க. 2009இல் கோல்கன் 3407, ஏர் பிரான்ஸ் 447 விபத்துகள் ரெண்டும் நடந்த பிறகு, 2012இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் எஃப்ஏஏவின் சுற்றறிக்கை வரிசையையே மாற்றிப் போட்டது:

ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் (பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி) ரெண்டையும் துண்டி.
எச்சரிக்கை நிற்கும் வரை மூக்கை இறக்கு; தேவைப்பட்டால் டிரிம்மும் (வாலின் சமநிலை அமைப்பு).
இறக்கையை மட்டமாக்கு.
பவர் தேவைக்கு ஏற்ப.
ஸ்பாய்லர் (இறக்கை மேலே எழும்பும் தடுப்புத் தகடு) வெளியே இருந்தால் உள்ளே.
பிறகு மெதுவாகப் பழைய பாதைக்கு.

பவர் நாலாவது வந்ததைக் கவனிங்க. இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்குற ஜெட்டில் முழு பவர் மூக்கைத் தூக்கும், இறக்க வேண்டிய நேரத்தில்.

பட்டர்வொர்த் பாலா
ஜூன் 7, மதியம் 12.30

ஒத்துக்கிறேன். ஆனால் 60 டிகிரி சாய்ந்திருக்கும்போது முதலில் மட்டமாக்கினால் என்ன? தூக்குவிசை மேல்நோக்கி வருமே.

ரடர்
ஜூன் 7, மதியம் 12.58

ஸ்டாலான இறக்கையில் எய்லரான் (விமானத்தை உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தகடு) கீழே இறங்கினால் அந்தப் பக்கத் தாக்குகோணம் இன்னும் கூடும். தூக்க நினைச்ச இறக்கையே விழும். கோணத்தைக் குறைச்ச பிறகுதான் எய்லரான் சொன்ன பேச்சு கேட்கும். நடைமுறையில் ரெண்டும் ஒரே வினாடிக்குள்ள நடக்கும், கை முதலில் எங்கே போகணும்ங்கிறதுதான் பாடம்.

பி-52 குண்டுவீச்சு விமானம் இன்னும் விசேஷம். ஜி, எச் ரகங்களில் எய்லரானே இல்லை, உருட்டுறது முழுக்க ஸ்பாய்லர். ஸ்பாய்லர் ஒரு பக்கத் தூக்குவிசையைக் கெடுத்து உருட்டும். ஏற்கெனவே தூக்குவிசைக்கு வழியில்லாத நேரத்தில் இருக்கிறதையும் கெடுக்கிறது. 1994 ஜூன் 24, அமெரிக்காவில் ஃபேர்சைல்டு விமானப்படைத் தளத்தில் காட்சி ஒத்திகையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி 250 அடியில் இறுக்கமாத் திரும்பின பி-52 தொண்ணூறு டிகிரி தாண்டிச் சாய்ந்து விழுந்தது. நாலு பேர். அந்த விமானி வரம்பு மீறுறது அதுக்கு முன்னாடியே பல தடவை மேலதிகாரிகள் காதுக்குப் போயிருந்தது. பதினாறு வருஷம் கழிச்சு எல்மண்டார்ஃப், அங்கேயும் ஒத்திகைதான்.

சுபாங் முருகு
ஜூன் 7, இரவு 9.20

ஒரு கேள்வி மிச்சம். இத்தனைக்கும் தாக்குகோணம்தான் காரணம்னா, வேகமுள்ளைத் தூக்கிப் போட்டுட்டு கோணமுள்ளையே பெருசா வைக்கலாமே?

நாலு எஞ்சின்
ஜூன் 7, இரவு 10.00

போர் விமானங்களில் கோணத்தைப் பார்த்தே இறங்குறது பழைய வழக்கம். பெரிய விமானத்தில் ஃபிளாப், ஸ்லாட் நிலை ஒவ்வொண்ணுக்கும் எல்லைக் கோணம் மாறும், காற்றடியில் முள் ஆடிக்கிட்டே இருக்கும், அதை வச்சு ஓடுபாதை நீளம் கணக்குப் போட முடியாது. அதனால் வேகத்தையும் விட முடியாது. நல்ல ஏற்பாடு, வேகப்பட்டையிலேயே இப்போதைய ஜிக்கும் எடைக்கும் ஏற்ற ஸ்டால் எல்லையைச் சிவப்புப் பட்டையாக் காட்டுறது. திருப்பத்தில் இழுக்க இழுக்க அந்தப் பட்டை கீழேயிருந்து ஏறி வர்றது கண்ணுக்குத் தெரியும். உங்க 100 நாட் அங்கே நிக்காது, நகர்ந்துக்கிட்டே இருக்கும்.

சுமை கணக்கு
ஜூன் 8, காலை 7.40

ஜூன் 5 பதிவில் ஒரு திருத்தம். முன்னோக்கி 6 சங்கிலி, பின்னோக்கி 8 என்றேன். எண்ணிக்கை சரி, ஆனால் ஜோடியாக இடமும் வலமும் சமமாகக் கட்ட வேண்டும் என்பதை எழுதவில்லை. வகுத்து ஒற்றைப்படை வந்தால் அடுத்த இரட்டைக்கு ஏற்றுங்கள். ஒரே திசைக்குச் சங்கிலியையும் நைலான் பட்டையையும் கலந்து கட்டவும் கூடாது. நைலான் நீளும், சங்கிலி நீளாது. இழுவை வந்ததும் சங்கிலி மட்டும் முழுச் சுமையையும் வாங்கி அறும். பட்டை அதற்குப் பிறகுதான் விறைக்கும்.